ஸ்னூக்கர் பழக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. சொந்தமாக முதல் கியூ (பந்தை அடிக்கும் கம்பு) வாங்க எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கிளப்பில் ஸ்டாண்டில் நிற்கிற கியூக்களில் எது உங்கள் கைக்கு ஒத்துவருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். பிடித்த கியூ ஒன்று நிச்சயம் இருக்கும். அதை மளிகைக்கடைத் தராசில் வைத்து எடை பாருங்கள், டேப்பால் நீளம் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 57 அல்லது 58 அங்குலம், 17 முதல் 19 அவுன்ஸ், அதாவது 480 முதல் 540 கிராமுக்குள் வரும். அந்த இரண்டு எண்களோடு கடைக்குப் போனால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நான் அப்படிப் போகவில்லை. என் முதல் கியூவின் பிடியில் பச்சையும் சிவப்புமாகப் பூவேலை இருந்தது. அதைப் பார்த்து மயங்கி 6,000 ரூபாய் கொடுத்தேன். ஸ்னூக்கர் கியூ என்றுதான் விற்றார்கள். ஆனால் டிப், அதாவது கியூ முனையில் ஒட்டுகிற தோல், 11 மில்லிமீட்டருக்கு மேல். பூல் கியூவுக்கு 12, 13 மில்லிமீட்டர் டிப் சரி, அங்கே பந்தும் பெரியது. ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர்தான். அதற்கு 9.5 மில்லிமீட்டரை ஒட்டிய டிப்தான் பொருந்தும். தடித்த டிப் வைத்து ஆடும்போது வெள்ளைப் பந்தின் நடுவில் அடிக்கிறோமா, ஒரு நூல் தள்ளி அடிக்கிறோமா என்பது கண்ணுக்கே தெரியாது. நேராக அடித்ததாக நினைப்போம், பந்தில் சைடு (பக்கவாட்டுச் சுழற்சி) ஏறியிருக்கும். ஐந்து மாதத்தில் அந்தக் கியூ ஜாயின்ட்டுக்கு (துண்டுகள் சேரும் இடத்துக்கு) மேலே வளையவும் செய்தது.

எங்கள் கிளப் மார்க்கர் (டேபிள்களைப் பார்த்துக்கொள்பவர்) வயதில் பெரியவர். அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அடுத்த தடவை பூவைப் பாக்காதீங்க, கம்பைப் பாருங்க." எப்படிப் பார்ப்பது என்றும் காட்டிக் கொடுத்தார். பிடியைத் தாடைக்குக் கீழே வைத்து, டிப்பை ஜன்னல் வெளிச்சத்துக்கு நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கியூவை மெதுவாகச் சுற்ற வேண்டும். வளைவு இருந்தால் ஒரு இடத்தில் ஓரக் கோடு வயிறு தள்ளும், அரைச் சுற்றுக்குப் பிறகு அதே இடத்தில் குழியும். டேபிளில் உருட்டிப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பல கியூக்களில் பிடியின் கடைசியில், பேட்ஜ் பதித்த பக்கம் தட்டையாகச் சீவியிருப்பார்கள். அதனால் நேரான கியூகூட உருளும்போது குதிக்கும்.

கியூவின் மரம் ஆஷ் மரமா மேப்பிள் மரமா என்று நிறையப் பேர் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் நல்ல மரம்தான். ஆரம்பத்துக்கு நான் ஆஷ் சொல்வேன், அதற்குக் காரணம் ரேகை. ஆஷ் கம்பின் மேல்பக்கம் அம்பு முனை போல வரிசையாக ரேகை ஓடும். குனிந்து நிற்கும்போது அந்த அம்புகள் எப்போதும் மேலே இருக்கும்படி பிடித்துப் பழகினால், ஒவ்வொரு ஷாட்டிலும் கியூ ஒரே மாதிரி அமரும். மேப்பிளில் கம்பு வழவழவென்று இருக்கும், அடையாளம் தேட வேண்டியிருக்கும்.

முழுசாக ஒரே கம்பாக இருப்பது, நடுவில் பிரிவது, நீளத்தில் முக்கால் பங்கு தள்ளி பிடிப் பக்கம் பிரிகிற முக்கால் ஜாயின்ட் என்று மூன்று வகை. பைக்கிலோ பஸ்ஸிலோ கிளப்புக்குப் போகிறவர் என்றால் நடுவில் பிரிவதை எடுங்கள். கூட்டத்தில் நாலடிப் பெட்டியோடு ஏறுவது பெரும்பாடு. கார் இருந்தால் முக்கால் ஜாயின்ட் நல்லது, முன்பக்கக் கம்பு வெட்டுப்படாமல் நீளமாக வரும். எதுவானாலும் பித்தளை ஜாயின்ட்டை முறுக்கி மூடிய பிறகு, கியூவை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

விலையைப் பற்றி ஒன்று. ஸ்டீபன் ஹென்ட்ரி 1990 முதல் 1999 வரை 7 முறை உலக சாம்பியன் ஆனார். அந்த ஏழு பட்டங்களையும் ஜெயித்தது சிறுவயதில் 40 பவுண்டுக்கு வாங்கிய ஒரே கியூவால். 2003-ல் விமானப் பயணத்தில் அது உடைகிற வரைக்கும் அவர் மாற்றவே இல்லை. அதனால் விலை உயர்ந்த கியூவைத் தேடாமல், பட்ஜெட்டில் கொஞ்சத்தை ஒதுக்கி, நல்ல டிப் வாங்கி, தெரிந்தவர் கையால் ஒட்டச் சொல்லுங்கள். கடையிலிருந்து வருகிற டிப் பெரும்பாலும் சுமார்தான். எல்க் மாஸ்டர் என்கிற டிப் விலை குறைவு, மிருதுவானது, சாக் (டிப்பில் தேய்க்கும் பொடிக்கட்டி) நன்றாகப் பிடிக்கும். நான் இன்னும் அதைத்தான் போடுகிறேன்.

வாங்கிய பிறகு சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வெயிலில் நிற்கிற காரிலும் விடாதீர்கள். கிளப் கியூக்களில் பல கோணலாவது அப்படிச் சாய்ந்தே கிடப்பதால்தான்.

முதல் இரண்டு வாரம் ஃப்ரேம் (முழு ஆட்டம்) ஆடும் ஆசையைக் கொஞ்சம் அடக்கி, வேறு பந்தே வைக்காமல் இதைச் செய்யுங்கள். பிரவுன் ஸ்பாட்டில் (பிரவுன் பந்து வைக்கும் புள்ளியில்) வெள்ளையை வைத்து, ப்ளூ, பிங்க், பிளாக் ஸ்பாட்டுகளுக்கு மேலாக நேரே அனுப்புங்கள். குஷனில் பட்டு அதே கோட்டில் திரும்பி வந்து உங்கள் டிப்பைத் தொட வேண்டும். பத்துக்கு ஏழு தடவை தொட ஆரம்பித்தால் கியூ உங்கள் கைக்கு வந்துவிட்டது.