மிஞ்சின டேட்டா யாருக்குச் சொந்தம்? திருகோணமலைக் கேள்விகளும் பதில்களும்

முற்பணம் கட்டும் சிம்மில் டேட்டா காலாவதியாவது நியாயமா என்று வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. நான் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் முதலில் கோபுரப் பக்கமும் பிறகு கட்டணக் கணிப்புப் பக்கமும் வேலை பார்த்தவன். இப்போது எந்த நிறுவனத்தோடும் தொடர்பில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

உவர்மலை, ஓய்வுபெற்றவர்: தம்பி, பேரப்பிள்ளைகளோடை வீடியோவில கதைக்க மாதம் ஒருக்கா டேட்டா போடுவன். பாதி மிஞ்சும். முப்பதாம் நாள் எல்லாம் பூச்சியம். காசு முழுக்கக் குடுத்தனான், பாவிச்சது பாதிதான். இது களவில்லையா?

ஐயா, களவு என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். உங்களுக்கென்று 10 ஜிபியை யாரும் எங்கேயும் எடுத்து வைப்பதில்லை. நிறுவனத்தின் கணினியில் உங்கள் இலக்கத்துக்கு எதிரே ஒரு அளவும் ஒரு திகதியும் இருக்கும், அவ்வளவுதான். நிறுவனத்துக்குச் செலவு கோபுரத்திலும் அலைக்கற்றையிலும் ஃபைபரிலும் மின்சாரத்திலும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் டீசலிலும் இருக்கிறது. நீங்கள் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் அந்தச் செலவு நடக்கும். இன்றைக்குப் பாவிக்காமல் போன கொள்ளளவை நாளைக்கு எடுத்து வைக்க வழியில்லை. கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் வெறுமையாகப் போன சீற்றைப் போல, அது போனது போனதுதான்.

இதுவரைக்கும் நிறுவனங்கள் சொல்வது சரி. பிசகுவது அடுத்த படியில். பஸ்ஸில் நீங்கள் வாங்குவது ஒரு குறிப்பிட்ட நாளின் சீற். டேட்டாவில் உங்களுக்கு விற்கப்படுவது ஒரு அளவு. விளம்பரத்தில் ஜிபி பெரிய எழுத்தில் இருக்கும், நாள் சின்ன எழுத்தில் இருக்கும். கோபுரம் திணறுவது இரவு ஏழு மணிக்குப் பிறகு எல்லாரும் ஒன்றாகத் திறக்கும்போது. உங்கள் மிச்சத்தை அடுத்த மாதம் ஒரு காலை பத்து மணிக்குப் பாவித்தால் அவர்களுக்கு மேலதிகச் செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆகவே கொள்ளளவைச் சொல்லி “நெரிசல் நேரத்தில் வேகத்தைக் குறைப்போம்” என்றால் ஏற்கலாம். “மிச்சத்தை அழிப்போம்” என்பதற்கு அது காரணமாகாது, அது வெறும் வியாபார முடிவு. நான் கேட்பது இவ்வளவுதான்: திகதி இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் விடாமல் அடுத்த பெக்கேஜைப் போடுகிறவரின் மிச்சம் அவரோடேயே அடுத்த மாதத்துக்குப் போகவேண்டும்.

கோணேசபுரி, வளாக மாணவன்: அண்ணா, காலாவதியை எடுத்துவிட்டா விலை ஏறாதா? மற்றவங்கள் மிச்சம் விடுறதாலதானே எனக்கு ஜிபி மலிவாக் கிடைக்குது?

ஓரளவுக்கு ஏறும் தம்பி. இதை ஒளிக்கத் தேவையில்லை. விற்ற டேட்டாவில் எத்தனை பங்கு பாவிக்காமல் போகும் என்பது விலை போடும்போதே கணக்கில் இருக்கும். கணக்கியலிலும் இதற்கு இடம் இருக்கிறது. வருமானம் பற்றிய சர்வதேச நியமம் 15, இலங்கையில் எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ். 15. முற்பணமாக வாங்கிய காசு சேவையைக் கொடுக்கும்வரை வருமானமல்ல, நிறுவனத்தின் பொறுப்பு. அதேநேரம், வாடிக்கையாளர் பாவிக்காமல் விடுவார் என்று எதிர்பார்க்கும் பங்கை மதிப்பிட்டு வருமானத்தில் சேர்க்கவும் அதே நியமம் அனுமதிக்கிறது. அதாவது உவர்மலை ஐயாவின் மிச்சம் யாரும் எதிர்பாராதது இல்லை.

கேட்கவேண்டியது, அந்த மலிவுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதுதான். விலைகள் கற்பனை, கணக்கை மட்டும் பாருங்கள். 30 நாளுக்கு 10 ஜிபி 700 ரூபா, 7 நாளுக்கு 2 ஜிபி 200 ரூபா என்று வைப்போம். காகிதத்தில் முதலாவது ஜிபி 70 ரூபா, இரண்டாவது 100 ரூபா. ஆனால் 30 நாளில் 6 ஜிபிதான் பாவித்தீர்கள் என்றால் உண்மையில் ஜிபிக்கு 117 ரூபா கொடுத்திருக்கிறீர்கள். மாதம் முழுக்க ஒரே அளவாகப் பாவிக்கிற, நிலையான சம்பளமுள்ள ஆளுக்கு இந்த முறை லாபம். ஒரு கிழமை நிறைய, அடுத்த கிழமை ஒன்றுமில்லை என்று பாவிக்கிறவர் நட்டப்படுகிறார். அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு 700 ரூபாவை ஒரே தரத்தில் எடுத்து வைக்கவே முடியாது, அதனால் அவர் ஒரு நாள் பெக்கேஜ்களாக வாங்கி, ஜிபிக்குக் கூடின விலை கொடுத்து, நள்ளிரவோடு மிச்சத்தையும் விடுகிறார். உங்கள் மலிவில் அவருடைய காசும் இருக்கிறது. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

திருக்கடலூர்: அண்ணே, கொட்பேயில இருந்து பலநாள் படகில போறனாங்கள். ஏழு நாள் பெக்கேஜ் போட்டிட்டுப் போனா கரை மறைய சிக்னலும் இல்லை. திரும்பி வரேக்க நாளும் முடிஞ்சிருக்கும். இதுக்கு நட்டஈடு ஏதும் கேக்கலாமா?

கேட்கலாம், கிடைக்காது. கடலில் சேவை தருவோம் என்று எந்த நிறுவனமும் ஒப்புக்கொள்ளவில்லை. உங்களுக்கு நியாயமான ஏற்பாடு, போட்ட நேரத்தில் இருந்து இல்லாமல் முதன்முதல் பாவிக்கிற நேரத்தில் இருந்து நாளை எண்ணத் தொடங்குவது. கணினிக்கு அது கஷ்டமான வேலையே இல்லை.

இப்போதைக்கு, கடலுக்குப் போகும் முன் டேட்டா போடாதீர்கள். ரீலோட் காசாகவே பிரதான மீதியில் விடுங்கள், கரைக்கு வந்து சிக்னல் பிடித்ததும் பெக்கேஜைச் செயற்படுத்துங்கள். பிரதான மீதிக்கும் செல்லுபடிக் காலம் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டுப் போங்கள். பெக்கேஜ் இல்லாத நேரத்தில் அது திறந்திருந்தால், கரையை நெருங்கும்போது வட்ஸ்அப் படங்கள் எல்லாம் ஒன்றாக இறங்கிப் பிரதான மீதியைச் சாதாரண கட்டணத்தில் விழுங்கிவிடும். காலாவதியில் போகும் காசை விட இப்படி வெட்டுப்படும் காசைப் பற்றித்தான் எனக்குக் கூடின முறைப்பாடு வரும்.

மூதூர், ஏ.எல். மாணவியின் தாய்: 30 ஜிபி என்று போட்டம். பாத்தா பாதி ‘நைட் டேட்டா’. நடுச்சாமத்தில பிள்ளை எழும்பிப் படிக்கவா?

அக்கா, உங்கள் கேள்வியை அச்சடித்துக் கோபுரங்களில் ஒட்டவேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு கோபுரம் சும்மா நிற்கிறது, அந்நேர டேட்டாவை அள்ளிக் கொடுத்தாலும் நிறுவனத்துக்குச் செலவில்லை. அதைத் தனியாக, இனாமாகக் கொடுத்தால் நான் கைதட்டுவேன். பகல் டேட்டாவோடு கூட்டி ‘30 ஜிபி’ என்று பெரிய எழுத்தில் போடும்போதுதான் பிரச்சினை. பெக்கேஜ்களை ஒப்பிடும்போது இரவு டேட்டாவைக் கழித்துவிடுங்கள். யூடியூபுக்கு மட்டும், சமூக வலைத்தளத்துக்கு மட்டும் என்று கொடுப்பதையும் பிள்ளை அதைப் பாவிக்காவிட்டால் கழியுங்கள். மிஞ்சுகிற எந்நேர டேட்டாவால் விலையைப் பிரித்துப் பாருங்கள், மலிவாகத் தெரிந்தது மலிவில்லாமல் போகலாம்.

கையில் இருப்பதை வீணாக்காமல் இருக்க ஒரு வழி: பாடக் காணொளிகளைச் சேமித்து வைக்கும் வசதி சில செயலிகளில் உண்டு. பிள்ளை படுக்கமுன் பட்டியலைத் தயார்செய்து, நள்ளிரவுக்குப் பிறகு இறங்கும்படி நேரம் குறித்துவிட்டால் போதும். செயலிகளின் அப்டேட்டையும் அந்நேரத்துக்குத் தள்ளிவிடலாம். சூம் வகுப்பு பகலில்தான், அதற்கு இது உதவாது.

கிண்ணியா: ஒரு சாமானுக்குக் காசு எடுத்துட்டு அதைக் கொடுக்காம விடுறது மார்க்கத்தில கூடுமா நானா?

மார்க்கத் தீர்ப்பை மௌலவியிடம்தான் கேட்கவேண்டும், நான் வாய்திறக்கமாட்டேன். அவரிடம் கேட்கும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: விற்கப்படுவது ஒரு சாமான் அல்ல, குறித்த நாளுக்குள் குறித்த அளவு பாவிக்கும் அனுமதி. நாள் எத்தனை என்று வாங்கமுன் உங்களுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டதா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். சட்டத்திலும் அந்த இரண்டாவது விஷயத்தில்தான் பிடி இருக்கிறது, கீழே வருகிறது.

பாலையூற்று: மற்ற நாடுகளிலயும் இப்பிடித்தானா? எங்களுக்கு மட்டுமா இந்தத் தலைவிதி?

எல்லா இடமும் இப்படித்தான் தொடங்கியது. சில நாடுகளில் அரசாங்கம் தலையிட்டது. சீனாவில் 2015 ஒக்டோபரில் இருந்து, அந்த மாதம் மிஞ்சிய டேட்டா அடுத்த மாதத்துக்குப் போகிறது. அடுத்த மாதத்துக்கு மட்டும்தான், அதோடு முடிந்தது. கானாவில் 2019 ஒக்டோபரில் தொடர்பாடல் அமைச்சர் இன்னும் கடுமையாகப் பணித்தார்: வாங்கிய டேட்டாவும் குரல் நிமிடங்களும் காலாவதியாகக் கூடாது, அடுத்த ரீலோடோடு சேரவேண்டும் என்று. கென்யாவில் அதே மாதம் சஃபாரிகொம் நிறுவனம் காலாவதி இல்லாத பெக்கேஜ்களைக் கொண்டுவந்தது.

எனக்குப் பிடித்தது தென்னாபிரிக்கா. அங்கே 2016இல் டேட்டா விலைக்கு எதிராக மக்கள் இணையத்தில் கிளம்பினார்கள். 2019 தொடக்கத்தில் ஒழுங்குபடுத்தும் அமைப்பின் விதி நடைமுறைக்கு வந்தது. மிச்சத்தை நீடிக்க வழி கொடுக்கவேண்டும். அதே வலையமைப்பில் இருக்கும் இன்னொருவருக்கு மாற்றவும் விடவேண்டும். 50, 80, 100 சதவீதம் முடியும்போது அறிவிக்கவேண்டும். பெக்கேஜ் முடிந்தபின் வாடிக்கையாளர் சம்மதிக்காமல் கூடின கட்டணத்தில் வெட்டக்கூடாது. இந்தக் கடைசி விதி ஒன்று இங்கே இருந்தாலே திருக்கடலூர் தம்பியின் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இந்தியாவில் வேறொரு சங்கதி. ‘மாதம்’ என்ற பெயரில் 28 நாள் விற்றார்கள், அதனால் வருடத்துக்கு 13 தடவை ரீசார்ஜ். 2022 ஜனவரியில் அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் அதே திகதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் வைத்திருக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. மிச்சத்தைப் பற்றி அந்தக் கட்டளை ஒன்றும் பேசவில்லை.

சம்பூர்: பிடிக்கேல்லையெண்டா வேற கொம்பனிக்கு மாறினாச் சரிதானே? ஏன் இவ்வளவு கதை?

எத்தனை கொம்பனி மிச்சம் இருக்கிறது? 2018இல் எடிசலாட் ஹட்சோடு சேர்ந்தது. 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. ஐந்து இருந்த இடத்தில் இப்போது மூன்று. அதிலும் வெருகல் பக்கமோ ஈச்சிலம்பற்றுப் பக்கமோ போய்ப் பாருங்கள், வீட்டுக்குள் எந்த சிக்னல் பிடிக்கிறதோ அதுதான் உங்கள் தெரிவு.

பஸ் நிலையத்தடி, ரீலோட் கடைக்காரர்: சனம் என்னோடதான் சண்டைக்கு வருது. நான் என்ன செய்ய?

போடமுன் “எத்தனை நாளுக்கு அண்ணே?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதுக்கு மேல் உங்கள் கையில் எதுவும் இல்லை.

சீனக்குடா: போன் காட்டுற கணக்கும் கொம்பனி காட்டுற கணக்கும் ஒருநாளும் ஒத்துவாறதில்லை. களவெடுக்கிறாங்களா?

பெரும்பாலும் இல்லை. சில இடங்களில் 1 ஜிபிக்கு 1000 எம்பி, சில இடங்களில் 1024. டேட்டா சின்னச் சின்னப் பொதிகளாகத்தான் போகும், வழியில் தொலைந்து திரும்ப அனுப்பப்படும் பொதிகளையும் வலையமைப்பு எண்ணும். இரண்டு கணக்கும் தொடங்கிய நாள் ஒன்றா என்றும் பாருங்கள். கொஞ்ச வித்தியாசம் இயல்பு. பாதிக்குப் பாதி வந்தால் முறையிடுங்கள்.

நிலாவெளி, விடுதி நடத்துபவர்: எங்களுக்கு சீசன் ஏப்ரலில இருந்து செப்டெம்பர் வரை. மற்ற மாதங்களில டேட்டா தேவையே இல்லை. வருடப் பெக்கேஜ் லாபமா?

உங்களுக்கு இல்லை. வருடத்தில் பாதி சும்மா கிடக்கும் ஆளுக்கு நீண்டகாலப் பெக்கேஜ் விற்றால் லாபம் விற்கிறவருக்குத்தான். சீசனுக்கு மாதப் பெக்கேஜ், மாரிக்குச் சின்னதாக ஒன்று. விருந்தாளிகளுக்கு வைஃபை கொடுப்பதானால் ஃபைபர் எடுக்க முடியுமா என்று விசாரியுங்கள், மொபைல் டேட்டாவில் விடுதி நடத்துவது கட்டுப்படியாகாது.

மடத்தடி: முறைப்பாடு எங்கே கொடுக்கிறது? கொடுத்தாலும் ஏதும் நடக்குமா?

முதலில் நிறுவனத்திடமே சொல்லி முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். அது இல்லாமல் மேலே போனால் திருப்பி அனுப்புவார்கள். அடுத்தது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, தொலைபேசி 1900. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் இயங்குவது, கட்டணங்களில் அதிகாரம் உள்ளதும் அதுதான். விளம்பரம் ஏமாற்றியது என்றால் நுகர்வோர் அதிகாரசபை, 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரி நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைக் குற்றமாக்குகிறது.

“என் டேட்டா காலாவதியானது” என்று மட்டும் எழுதினால் ஒன்றும் நடக்காது. நிபந்தனை முன்கூட்டியே இருந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். “நாளை எங்கேயும் காட்டாமல் விற்றார்கள்”, “சம்மதம் கேட்காமல் பிரதான மீதியில் வெட்டினார்கள்” என்று எழுதுங்கள். வந்த எஸ்எம்எஸ், வெட்டிய நேரம், மீதி காட்டும் ஸ்கிரீன்ஷொட் எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகவேண்டும் என்ற கோரிக்கையைத் தனிக் கடிதமாக, ஊர்ச் சங்கம் அல்லது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் ஆணைக்குழுவுக்கு எழுதுவது நல்லது. ஒருவருடைய 80 ரூபாவுக்காக விதி மாறாது.

அன்புவழிபுரம்: கடைசி இரவு மிஞ்சிறதை ஹொட்ஸ்பொட்டில பக்கத்து வீட்டுக்குக் குடுத்தாப் பிழையா?

உங்கள் பெக்கேஜில் ஹொட்ஸ்பொட் தடுக்கப்படவில்லை என்றால் தாராளமாகக் கொடுங்கள். விடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். புதுப் பெக்கேஜைப் போட்ட பிறகு மாற்ற நினைத்தால், அதுக்குள் பக்கத்து வீட்டுப் பொடியன் ஒரு கிரிக்கெட் மெட்ச் பார்த்து முடித்திருப்பான்.