கிரேயான் உருகி நிறம் மாறினால் அது வேதியியல் மாற்றமா?

வணக்கம் சகோதரி. உடைந்த கிரேயான்களை வாணலியில் உருக்கினீர்கள், எல்லாம் கலந்து பழுப்பாகிவிட்டது, கொஞ்சம் புகையும் வந்தது, நிறமே மாறிவிட்டதால் மகள் 'வேதியியல் மாற்றம்' என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், உருகியதற்கு இயற்பியல் மாற்றம் என்றே எழுதச் சொல்லுங்கள். கிரேயானில் பெரும்பகுதி பாரஃபின் மெழுகு. சூட்டில் அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டு நழுவுகின்றனவே தவிர உடைவதில்லை, ஆறினால் அதே மெழுகுதான். சிவப்பும் பச்சையும் நிறமித் துகள்களாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, அதைத்தான் நம் கண் பழுப்பு என்கிறது, புதுப்பொருள் எதுவும் உருவாகவில்லை.

புகைதான் எனக்குக் கவலை. வாணலி நேரடித் தீயில் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. மெழுகு கருகியிருந்தால் அந்தப் பகுதி மட்டும் வேதியியல் மாற்றம், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அடுத்த முறை காகிதத்தை உரித்து, எவர்சில்வர் டம்ளரில் போட்டு, கொதிக்கும் தண்ணீருக்குள் நிறுத்துங்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, மெழுகுக்கோ சுமார் 60 டிகிரியே போதும்.

அப்புறம், ஊற்றிய மெழுகு ஆறும்போது நடுவில் ஒரு குழி விழும், பார்த்தீர்களா? உறையும்போது அது சுருங்குகிறது. தண்ணீரோ ஐஸாக உறையும்போது அதற்கு நேர்மாறாக விரியும். குழந்தைக்கு அதைக் கட்டாயம் காட்டுங்கள். மிச்ச மெழுகைத் தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும்.