எம்டிபி சைக்கிளை எலக்ட்ரிக்காக மாற்ற எந்த பேட்டரி வாங்கலாம்?

கேள்வியில் இருந்தது இவ்வளவுதான்: "வீட்டில் சும்மா நிற்கும் எம்டிபி சைக்கிளுக்கு 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் கிட் போடலாம் என்றிருக்கிறேன். பேட்டரி லெட் ஆசிடா, லித்தியமா? எத்தனை ஏஎச் வேண்டும்?" (எம்டிபி என்றால் மலை சைக்கிள், ஹப் மோட்டார் என்றால் சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார்.)

சும்மா நிற்கும் சைக்கிள் என்றால் அநேகமாக 2020 ஊரடங்கு சமயத்தில் வாங்கியதாக இருக்கும். 26 இஞ்ச் சக்கரம், முன்னால் ஷாக் அப்சார்பர், பின்னால் ஏழு பல்சக்கரம், இரும்பு ஃபிரேம், எடை 17, 18 கிலோ. தார் ரோட்டில் போனால் டயர் 'ஊம்' என்று முனகிக்கொண்டே வரும். பெயர்தான் மலை சைக்கிள், பார்த்த மலை வீட்டுக்குப் பக்கத்து மேம்பாலம் மட்டும். நான் மாற்றியதும் இதே ரகம்தான். சேலத்தில் கன்னங்குறிச்சியிலிருந்து சூரமங்கலம் பக்கம் வேலைக்குப் போய் வருகிறேன். அதனால் உங்கள் நிலைமை எனக்குப் புரியும் என்றே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் நேரடிப் பதில். எல்எஃப்பி வாங்குங்கள், அதாவது லித்தியம் ஃபெரோ பாஸ்பேட். 12 செல் வரிசை (ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தது), 12 ஏஎச், அதாவது ஆம்பியர் ஹவர். ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டருக்குள் ஓட்டுவீர்கள் என்றால் தாராளம். பொறுமை இல்லாதவர்கள் இதோடு அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

கணக்கு சுலபம். வோல்ட்டை ஏஎச்சால் பெருக்கினால் வாட் ஹவர், அதாவது பேட்டரியில் அடங்கும் மொத்த சக்தி. கூடவே பெடலும் மிதித்து, சமதளத்தில் 20 கிலோமீட்டர் வேகத்துக்குப் போனால் கிலோமீட்டருக்கு 8 முதல் 10 வாட் ஹவர் செலவாகும். பெடலில் காலை வைத்து அழகு பார்த்துக்கொண்டு திராட்டிலை மட்டும் திருகினால் 15 வரை போகும். 12 செல் எல்எஃப்பி 38.4 வோல்ட், 12 ஏஎச் என்றால் 460 வாட் ஹவர். அதில் 80 சதவீதத்தைத்தான் கணக்கில் வையுங்கள்.

லெட் ஆசிட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 12 வோல்ட், 7 ஏஎச் யுபிஎஸ் பேட்டரி மூன்றை வரிசையாக இணைத்தால் 36 வோல்ட் வந்துவிடும், விலையும் குறைவு. ஆனால் மூன்றும் சேர்ந்து ஏழு கிலோவுக்குப் பக்கம். அதைவிட முக்கியம், அந்த 7 ஏஎச் என்பது 20 மணி நேரம் மெதுவாகச் செலவழித்தால் கிடைக்கும் கணக்கு. மோட்டார் ஒரு மணி நேரத்தில் உறிஞ்சும்போது அதில் அறுபது சதவீதம் கிடைத்தால் பெரிய விஷயம். யூடியூபில் தம்பிகள் ஓட்டிக் காட்டுவார்கள். ஆறு மாதம் கழித்து அதே சைக்கிளை ஓட்டிக் காட்டும் வீடியோவை நான் பார்த்ததில்லை.

சரி, லித்தியத்துக்கு வருவோம். நான் இந்தப் பதிலை எழுதுவதே இதற்காகத்தான்.

கிட் வாங்கிய கடையிலேயே பேட்டரியும் கேட்டேன். கடை பெயர் வேண்டாம், எந்த ஊர் என்பதும் வேண்டாம். நீலப் பிளாஸ்டிக் உறை சுற்றிய ஒரு பேக்கைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். மேலே ஸ்டிக்கர்: லித்தியம் அயான், 36 வோல்ட், 15 ஏஎச். கையில் எடுத்தேன். எடை இல்லை. கடைப் பையனிடம் சொன்னேன். "புது டெக்னாலஜி சார், வெயிட் கம்மி" என்றான்.

இந்த பேக்குகளுக்குள் இருப்பது பெரும்பாலும் 18650 செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் உயரம். ஒரு செல் 45 கிராமுக்குப் பக்கம் இருக்கும். கிட் கடைகளில் புழங்குவது 2,000 முதல் 2,600 எம்ஏஎச் செல்கள் (1,000 எம்ஏஎச் என்றால் ஒரு ஏஎச்). 36 வோல்ட்டுக்குப் பத்து செல் வரிசை. 2,500 எம்ஏஎச் செல்லில் 15 ஏஎச் வரவேண்டுமானால் பக்கவாட்டில் ஆறு. ஆக 60 செல். செல் மட்டுமே 2 கிலோ 700 கிராம் இருக்க வேண்டும். அதற்கு மேல் பிஎம்எஸ் போர்டு (செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்), நிக்கல் பட்டை, வயர், உறை எல்லாம் இருக்கிறது.

பக்கத்தில் ஒரு மளிகைக் கடை. பையனையும் கூட்டிக்கொண்டு பேட்டரியை அங்கே தூக்கிப்போய், தராசில் வைக்கச் சொன்னேன். "என்னங்க சார், பேட்டரியைக் கிலோ கணக்குல விக்கப் போறீங்களா?" என்றார் கடைக்காரர். தராசு காட்டியது 2 கிலோ 50 கிராம்.

உறை, போர்டு, வயரைக் கழித்தால் உள்ளே 40 செல்லுக்கு மேல் இருக்க வழியே இல்லை. 40 செல் என்றால் 10 ஏஎச், அதுவும் செல் புதிதாக இருந்தால். திரும்பி வந்து இதை ஒரு பில் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். பையன் உள்ளே போனான், முதலாளி வந்தார். "சார் டெக்னிக்கலா பேசறீங்க. சரி விடுங்க, பத்து ஏஎச் ரேட்டுக்கே எடுத்துக்கங்க" என்றார். ஓரத்தில் உறையைக் கொஞ்சம் பிரித்துக் காட்டுங்கள், செல்லைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "பிரிச்சா வாரண்டி போயிடுங்க." விற்காத பொருளுக்கு ஏது வாரண்டி? வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பழைய லேப்டாப் பேட்டரிகளிலிருந்து உருவிய செல்களும் இப்படித்தான் புது உறையில் வருகின்றன. கலர் கலராக இருக்கும், முனையில் பழைய வெல்டிங் தழும்பு தெரியும். அதைப் பார்க்கத்தான் பிரிக்கச் சொன்னேன்.

"3,500 எம்ஏஎச் செல்லும் இருக்கிறதே, 40 செல்லிலேயே 14 ஏஎச் வருமே" என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். வரும்தான். ஆனால் அந்தத் தரத்தில் அசல் செல் 40 வாங்கினால், கடை சொன்ன விலையைச் செல்களே தாண்டிவிடும். மற்றபடி 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்து விற்கும் 18650 செல்லை எங்கே பார்த்தாலும் விலகிப் போங்கள். அந்த உடம்புக்குள் அவ்வளவு மின்சாரம் அடங்காது.

கடைசியில் கோவையில் பேட்டரி கட்டும் ஒருவரிடம் எல்எஃப்பி பேக் செய்துகொண்டேன். 32700 என்ற பருமனான செல், ஒன்று 6 ஏஎச், 140 கிராமுக்குப் பக்கம். 12 செல் வரிசையில் இரண்டிரண்டாக மொத்தம் 24. ஸ்பாட் வெல்டிங் முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, பரவாயில்லை. எல்லாம் சேர்த்து நாலு கிலோ வந்தது. அதே சக்திக்கு என்எம்சி வகை (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்த லித்தியம் அயான்) வாங்கியிருந்தால் ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம் ஆகியிருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

அப்புறம் ஏன் எல்எஃப்பி? எங்கள் ஊர் வெயில். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியை ஒட்டி அடிக்கும் ஊரில், நிழலே இல்லாத இடத்தில் சைக்கிள் நாள் முழுக்க நிற்கிறது. சூடேறித் தன்னைத் தானே எரித்துக்கொள்ளும் நிலைக்கு எல்எஃப்பி வருவதற்கு என்எம்சியைவிட அதிக வெப்பம் வேண்டும். 2022 கோடையில் ஸ்கூட்டர்கள் தீப்பற்றிய செய்திகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்எஃப்பி எரியவே எரியாது என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள். வயரிங் மோசமாக இருந்தால் எதுவும் எரியும். ஆயுளும் ஒரு காரணம். என்எம்சி சில நூறு முறை சார்ஜ் ஆனதும் தளர ஆரம்பிக்கும், எல்எஃப்பி ஆயிரத்தைத் தாண்டிப் போகும்.

சார்ஜரில் மட்டும் அலட்சியம் வேண்டாம். இரண்டு வகையையும் கடையில் '36 வோல்ட்' என்றுதான் சொல்வார்கள். பத்து செல் என்எம்சிக்கு 42 வோல்ட் சார்ஜர். பன்னிரண்டு செல் எல்எஃப்பிக்கு 43.8 வோல்ட். எல்எஃப்பி சார்ஜரை என்எம்சியில் செருகினால் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் என்ற எல்லையைத் தாண்டிவிடும். பிஎம்எஸ் நல்லதாக இருந்தால் தடுக்கும். நல்லதாக இருந்தால்! பிளக் இரண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால், என் சார்ஜர் மேல் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். இரவு படுக்கையறையில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கும் பழக்கமும் வேண்டாம். ஓட்டி வந்த சூட்டோடும் போடாதீர்கள்.

எல்எஃப்பியில் ஒரு எரிச்சல் உண்டு. டிஸ்ப்ளேயில் வரும் பேட்டரிக் கோடுகளை நம்ப முடியாது. வோல்டேஜ் கடைசிவரை அப்படியே நின்றுவிட்டு, முடிகிற நேரத்தில் பொத்தென்று விழும். ஓடிய கிலோமீட்டரைப் பார்த்துக்கொள்வதே நல்லது.

மோட்டார் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்கள் கேட்டது பேட்டரிதான். கியர் உள்ள ஹப் மோட்டாரா, கியர் இல்லாததா என்று பார்த்து வாங்குங்கள். கியர் உள்ளது எடை குறைவு, மேட்டில் இழுக்கும், பேட்டரி தீர்ந்தால் சாதாரண சைக்கிள் போல மிதித்துக்கொண்டு வரலாம். பின்சக்கரத்தில் போடுங்கள். முன் ஷாக் அப்சார்பரின் அலுமினியக் காலில் போட்டால், மோட்டார் அச்சு முறுக்கும் முறுக்கில் அது விட்டுக்கொடுத்துவிடும், விழுந்தால் முகம்தான் முதலில் தரையில் படும். பின்னால் போட்டாலும் டார்க் ஆர்ம் அவசியம், அச்சு சுழன்றுவிடாமல் ஃபிரேமோடு பிடித்துக்கொள்ளும் தகடு அது. கிட்டில் வந்தது தகரம் மாதிரி இருந்ததால், தெரிந்த லேத் பட்டறை அண்ணனிடம் 6 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் ஒன்று வெட்டி வாங்கினேன். கிட்டோடு வரும் பிரேக் லிவரையும் மறக்காமல் மாட்டுங்கள், பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்துவது அதுதான்.

350 வாட், 500 வாட் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் என்றால்தான் மத்திய மோட்டார் வாகன விதியில் அது மோட்டார் வாகனம் ஆகாது. அதைத் தாண்டினால் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வந்துவிடும். யார் பிடிக்கிறார்கள் என்பீர்கள். பிடிக்கமாட்டார்கள்தான். யார் மேலாவது மோதினால் தெரியும்.

மோட்டார் வாகனம் இல்லை என்பதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு, கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நான் வேலை செய்யும் இடத்தில் வெளி வேலைக்குப் போகிறவர்களுக்கு மாதம் பெட்ரோல் அலவன்ஸ் உண்டு. சைக்கிளுக்கு மாறிய பிறகு எனக்கு நின்றுவிட்டது. கேட்டால் "வண்டி ஆர்சி காப்பி வேணும் சார், இல்லாட்டி பில்" என்கிறார் கணக்குப் பிரிவில் இருப்பவர். பேட்டரிக்கு ஜிஎஸ்டி போட்ட பில்லைக் கொடுத்தேன். "இது எரிபொருள் இல்லையே" என்று திருப்பிக் கொடுத்தார். என் பக்கத்து மேஜைக்காரர் பஸ்ஸில் வருகிறார். வீட்டில் ஓடாத மொபெட் ஒன்று நிற்கிறது, ஆர்சி இருக்கிறது, மாதாமாதம் அலவன்ஸ் வாங்குகிறார். அவரோடு எனக்குப் பகை எதுவுமில்லை, நல்ல மனிதர், டீயும் வாங்கிக் கொடுப்பார். வெயிலில் மிதித்துக்கொண்டு போகிறவனுக்கு ஒன்றுமில்லை என்பதுதான் பொறுக்கவில்லை. "மிதிக்கிறதுக்கு எதுக்குக் காசு" என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

மலை ஏறுமா என்று அடுத்து கேட்பீர்கள். ஏற்காடு ஏறியிருக்கிறேன். சேலத்திலிருந்து மேலே 1,200 மீட்டர் உயரம், 20 கொண்டை ஊசி வளைவு. ஆளும் சைக்கிளும் சேர்த்து 100 கிலோ என்றால் அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே 327 வாட் ஹவர். மோட்டாரில் வெப்பமாகப் போவது தனி. முழுக்க மோட்டாரையே நம்பினால் என் பேட்டரி உச்சிக்கு முன்பே கையை விரித்துவிடும். ஆகவே லேசான கியரில் விடாமல் மிதிக்க வேண்டும், மோட்டாரும் நாமும் பாதிப்பாதி. வேகம் ரொம்பக் குறைந்தால் ஹப் மோட்டார் சூடாகும், தொட்டுப் பார்த்துவிட்டு நின்று நின்று போனேன். "பேட்டரி வைத்து ஏறினால் அது ஏறினதா?" என்று கேட்கும் ரோடு பைக் தம்பிகள் என் வயதில் வந்து கேட்கட்டும்.

இறங்கும்போது சார்ஜ் ஏறாது, கியர் உள்ள ஹப்பில் அந்த வசதி இல்லை. ஏறுவதற்கு முன்பே பிரேக் கட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள், இறக்கத்தில் முழு எடையும் அதன் மேல்தான்.

கிட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் பின்சக்கரம் மாட்டும் இடத்தின் உள் அகலத்தை அளந்து பாருங்கள், 135 மில்லிமீட்டர் இருந்தால் பிரச்சினை இல்லை. பின்னாலும் ஷாக் அப்சார்பர் உள்ள சைக்கிள் என்றால் ஃபிரேம் நடுவில் பேட்டரி வைக்க இடம் இருக்காது. அப்படியானால் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், எங்கே வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.