சான் ஹோசேயில் மொபைல் ஹோம் பார்க்கில் மனையை வாடகைக்கு எடுப்பதற்கு முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

சான் ஹோசேயில் இப்படியொரு பார்க்கில் சில ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு கலிபோர்னியாவுக்குப் பொருந்தும் பதிலைத் தருகிறேன். மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு.

மொபைல் ஹோம் என்பது தொழிற்சாலையில் பகுதி பகுதியாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து பார்க்கின் மனையில் நிறுத்தும் வீடு. இங்கே வீடு உங்களுடையது, அது நிற்கும் மண் உங்களுடையதன்று. ‘மொபைல்’ என்ற பெயரை நம்பி, வாடகை ஏறினால் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வீட்டைப் பிரித்து லாரியில் ஏற்றி வேறிடத்தில் நிறுத்தப் பல ஆயிரம் டாலர் செலவாகும் என்பது ஒருபுறமிருக்க, பழைய வீட்டை ஏற்றுக்கொள்ளும் காலி மனை இந்தப் பகுதியில் கிடைப்பதே அரிது. ஆகவே வீட்டின் விலையைப் பேரம் பேசுவதைவிட மனை ஒப்பந்தத்தைப் படிப்பதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள்.

விற்பவர் இப்போது கட்டும் வாடகைதான் உங்களுக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு எவ்வளவு, அதற்கு மேல் தண்ணீர், குப்பை, கழிவுநீர் ஆகியவற்றுக்குத் தனியாக எவ்வளவு என்பதைப் பார்க் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாநிலச் சட்டப்படி 12 மாத ஒப்பந்தம் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. வாடகையை உயர்த்த 90 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆனால் எவ்வளவு உயர்த்தலாம் என்பது ஊரைப் பொறுத்தது. சான் ஹோசேயின் வாடகைக் கட்டுப்பாட்டுக்குள் வரும் மனைகளில் ஆண்டு உயர்வு 3 முதல் 7 சதவீதத்துக்குள் நிற்கும். கட்டுப்பாடே இல்லாத ஊர்களும் உண்டு. நீங்கள் பார்க்கும் மனை அதற்குள் வருகிறதா என்பதை நகராட்சியிடமே கேட்டுவிடுங்கள், தரகர் சொல்வது போதாது.

அடுத்தது பார்க்கின் ஒப்புதல். அவர்கள் உங்கள் வருமானத்தையும் முந்தைய வாடகைப் பதிவையும் பார்த்து 15 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். மனை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகாமல் வீட்டை மட்டும் வாங்கிவிட்டால் அங்கே குடியிருக்கும் உரிமையே உங்களுக்குக் கிடையாது என்பதால், ஒப்புதல் வரும்வரை பணத்தை விடுவிக்காதீர்கள். அந்தப் பார்க் 55 வயதுக்கு மேற்பட்டோருக்கானதா என்பதை முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் ஒரு சனிக்கிழமையை வீணாக்கினேன்.

கடன் பற்றி ஒரு வார்த்தை: மண் உங்கள் பெயரில் இல்லாததால் பெரும்பாலும் வழக்கமான வீட்டுக்கடன் கிடைக்காது, அசையும் சொத்துக்கான கடனே கிடைக்கும், அதன் வட்டி கூடுதல்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது டார்ச் எடுத்துச் செல்லுங்கள். 1976 ஜூன் 15-க்குப் பின் கட்டப்பட்ட வீடென்றால், அதன் ஒவ்வொரு பகுதியின் வெளிச்சுவரிலும் உள்ளங்கைக்குள் அடங்கும் சிவப்பு உலோகத் தகடு ஒன்று இருக்க வேண்டும். அது மத்திய அரசின் கட்டுமான விதிப்படி வீடு செய்யப்பட்டதற்கான அடையாளம். பிறகு வீட்டின் அடிப்புறத்தைச் சுற்றி மறைத்திருக்கும் பலகையை நீக்கிக் கீழே குனிந்து பாருங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் சமையலறை பளபளவென்று இருந்தது. கீழே வீட்டைத் தாங்கும் சிமென்ட் கல் அடுக்குகளில் இரண்டு சாய்ந்து, இடுக்கில் மரச்சில்லைச் செருகி முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

நம்மவர்களுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ஊரிலிருந்து அப்பா, அம்மா ஆறு மாதம் வந்து தங்குவது நமக்கு வழக்கம். விருந்தினர் தொடர்ந்து 20 நாளுக்கோ ஆண்டில் மொத்தம் 30 நாளுக்கோ மேல் தங்கினால் பார்க் கட்டணம் கேட்கலாம் என்று சட்டத்தில் இருப்பதைக் காட்டி, எங்கள் அலுவலகம் அவர்களுக்கும் மாதக் கட்டணம் போட்டது. மொபைல் ஹோமுக்குச் சொந்தக்காரரின் பெற்றோர், அவருடைய கணவன் அல்லது மனைவியின் பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர் நெருங்கிய குடும்பத்துக்குள் வருவார்கள் என்றும், அவர்களின் எண்ணிக்கைக்காகக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்றும் அதே சட்டம் அடுத்த பிரிவிலேயே கூறுகிறது. குடிமைச் சட்டத்தின் 798.35-ஆம் பிரிவை அச்செடுத்து, வாடகைக் காசோலையோடு சேர்த்துக் கொடுத்தேன். அடுத்த மாத பில்லில் அந்தக் கட்டணம் இல்லை.