கேரவனில் டெல்டா கடற்கரை: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

சிதம்பரத்திலிருந்து கோடியக்கரை வரை கடலோரமாகவே வாடகைக் கேரவனில் போக ஆசை. வயதான அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள். எந்த மாதம், எத்தனை நாள்?
வாசகி, கும்பகோணம்

மொத்தத் தூரம் 200 கிலோமீட்டருக்கும் குறைவு. ஒரே நாளில் ஓட்டிவிடலாம். அதற்குக் கார் போதும். கேரவன் என்றால் மூன்று இரவு வையுங்கள்: தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, வேதாரண்யம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். 2018 கஜா புயல் இந்தக் கரையைக் கடந்தது நவம்பர் 16-ல். புயல் இல்லாவிட்டாலும், உயரமான வண்டியைப் பக்கவாட்டுக் காற்று தள்ளும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பொங்கல் கழிந்து பிப்ரவரி கடைசி வரைதான் நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், கோடியக்கரைச் சதுப்பில் பூநாரைகளும் இருக்கும்.

ஆனால் அதுவே சம்பா அறுவடைக் காலம். கிராமச் சாலையில் பாதியை நெல் அடைத்துக்கொள்ளும். உளுந்து, பயறு அறுவடையாகும் இடங்களில் அந்தச் செடிகளையும் வண்டிகள் ஏறட்டும் என்றே ரோட்டில் பரப்புவார்கள். அந்தக் கொடியும் வைக்கோலும் அடியில் சுற்றிக்கொண்டு, சூடான சைலன்சரில் பட்டால் புகையும். இப்படி ஒரு இடத்தைக் கடந்ததும் ஓரமாக நிறுத்திக் குனிந்து பாருங்கள்.

வழியில் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. வாடகை வண்டிக்கு அகில இந்திய சுற்றுலா பர்மிட் உண்டா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். தரங்கம்பாடியில் ராஜ வீதியின் பழைய நுழைவாயிலுக்குள் வண்டியை விடாதீர்கள். வெளியே நிறுத்திவிட்டு, டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை வரை நடந்தே போகலாம்.

பேட்டரியிலேயே இரவு முழுக்க ஏசி ஓடும் என்கிறார் வண்டிக்காரர். நம்பலாமா?
வாசகர், நாகப்பட்டினம்

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 2,400 வாட்-மணி. சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் போய்விடும், மிஞ்சுவது 1,200. ஒரு டன் ஏசி ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும், இன்வர்ட்டரும் கொஞ்சம் தின்னும். ஆக, தொடர்ந்து ஓடினால் ஒரு மணி நேரம். லித்தியம் பேட்டரியானால் இன்னும் சற்று கூடும், விடியும் வரை வராது. 25 வாட் மின்விசிறி ஒன்று பத்து மணி நேரம் சுற்றினாலும் 250 வாட்-மணிதான். ஜனவரியில் அதுவே போதும்.

ஏசி வேண்டுமென்றால் பார்க்கிங் உள்ள விடுதியில் 15 ஆம்பியர் பிளக் கிடைக்குமா என்று கேட்டு முன்பதிவு செய்யுங்கள். 5 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் சூடேறி உருகலாம். 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் ஒயர் 25 மீட்டர் எடுத்துச் செல்லுங்கள். சுருளாக வைத்தபடி இணைத்தால் சூடேறும், முழுவதும் விரித்துவிடுங்கள். மாலையில் வோல்டேஜ் 190-க்குக் கீழே இறங்கினால் ஏசியை நிறுத்திவிடுங்கள், கம்பிரசர் திணறும். இஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

டாய்லெட் தொட்டியை எங்கே காலி செய்வது? தண்ணீர்?
வாசகர், மன்னார்குடி

20 லிட்டர் தொட்டி நான்கு பேருக்கு ஒன்றரை நாள்கூடத் தாங்குவது கஷ்டம். பகலில் விடுதிக் கழிப்பறையைப் பயன்படுத்திவிட்டு, வண்டியில் உள்ளதை இரவில் பெரியவர்களுக்கு மட்டும் வையுங்கள். விடுதிக்காரரிடம் கேட்டு, அங்குள்ள கழிப்பறையில் மெதுவாக ஊற்றுங்கள். வாய்க்காலில் கொட்டாதீர்கள், அது கீழே யாரோ குளிக்கும் தண்ணீர். நாற்றம் வராமல் தொட்டியில் ஊற்றும் திரவத்தில் ஃபார்மலின் கலந்திருந்தால், அது செப்டிக் டேங்க்கில் கழிவை மக்கவைக்கும் பாக்டீரியாவைக் கொல்லும். ஃபார்மலின் இல்லாததாக வாங்குங்கள்.

கடலோர போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. தொட்டியில் பிடிக்கும் முன் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பாருங்கள். குடிக்கக் கேன் தனி. ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவி, பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள். காலையில் கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கும். வைப்பரை உலர்வாக ஓட்டினால் கீறல் விழும்.

கடற்கரை மணலில் இறக்கலாமா?
வாசகர், சீர்காழி

வேண்டாம். சவுக்குத் தோப்பு நிழல் ஆசை காட்டும், அங்கேயும் கீழே மணல்தான். சிக்கிக்கொண்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், இன்னும் புதையும். ஆட்களை இறக்கி, தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுங்கள்; 100 லிட்டர் போனால் 100 கிலோ குறையும். இஞ்சின் இழுக்கும் சக்கரங்களுக்கு முன்னே மணலைப் பறித்து, தென்னை மட்டையைச் செருகி, முதல் கியரில் மெல்ல எடுங்கள்.