சரக்கு விமானியா, பயணிகள் விமானியா: எதைத் தேர்ந்தெடுப்பது?

விமானி உரிமம் வாங்கிவிட்டேன், சரக்கு நிறுவனத்தில் சேர்வதா பயணிகள் விமானத்துக்குப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சரக்கு விமானத்தில் துணை விமானி. சம்பளத்தையும் விமானத்தின் அளவையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பகலில் படுத்தால் உங்களுக்கு நல்ல தூக்கம் வருமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

கூரியர் சரக்கு என்றாலே ராத்திரி வேலை. பெரிய கூரியர் நிறுவனங்களுக்குச் சரக்கு வந்து சேரும் மைய விமான நிலையம் ஒன்று இருக்கும்: ஃபெடெக்ஸுக்கு அமெரிக்காவின் மெம்ஃபிஸ், யுபிஎஸ்ஸுக்கு அங்கேயே லூயிவில், டிஎச்எல்லுக்கு ஜெர்மனியின் லைப்சிக். பல ஊர்களில் மாலையில் வாங்கிய பார்சல்கள் நள்ளிரவு வாக்கில் அங்கே வந்து குவியும். பிரித்து அடுக்கி, விடிவதற்குள் வேறு விமானங்களில் அனுப்பிவிடுவார்கள். அந்த இடைவெளியில் விமானி ஓய்வறையில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு மறுபடியும் கிளம்ப வேண்டும். அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணி வரை உடம்பு மிகவும் சோர்ந்து கிடக்கும் நேரம். நமக்கு லேண்டிங் வருவதும் அப்போதுதான். 2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் பர்மிங்காமில் யுபிஎஸ் விமானம் ஒன்று விடியும் முன் தரையிறங்கும்போது மோதி, இரண்டு விமானிகளும் இறந்தார்கள். காரணங்களில் ஒன்றாகக் களைப்பையும் விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. 2014 ஜனவரியில் அந்த நாட்டில் விமானிகளின் ஓய்வுக்கான புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. பயணிகள் விமானங்களுக்கு அவை கட்டாயம், சரக்கு விமானங்களுக்கு இல்லை. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம். ஆகவே, எந்த நாட்டில் சேர்ந்தாலும் ஓய்வு விதி சரக்கு விமானிக்கும் பொருந்துமா என்று கேட்டுவிடுங்கள்.

பயணிகள் இல்லாததால் பொறுப்பு குறைவு என்று நினைக்க வேண்டாம். கிளம்பும் முன் நோட்டாக் என்றொரு தாள் கேப்டன் கைக்கு வரும். எந்தப் பேலட்டில் (சரக்கை அடுக்கிக் கட்டும் தட்டில்), எந்த இடத்தில், என்ன ஆபத்தான பொருள், எவ்வளவு என்று அதில் இருக்கும். லித்தியம் பேட்டரி என்ற வரி வந்தால் நான் இரண்டு முறை படிப்பேன். அது தீப்பிடித்தால் அணைப்பது கடினம், பல சரக்கு விமானங்களின் பிரதான தளத்தில், அதாவது சரக்கு ஏற்றும் மேல்தளத்தில், தீயணைக்கும் வாயுவும் கிடையாது. காற்றோட்டத்தை அடைத்து, கேபின் அழுத்தத்தை இறக்கி, 25,000 அடி வாக்கில் பறந்து, ஆக்ஸிஜன் குறைவால் தீயை அடக்கப் பார்ப்பதுதான் முறை. 2010-ல் துபாயிலிருந்து கிளம்பிய யுபிஎஸ்ஸின் போயிங் 747 சரக்கு விமானம் ஒன்றில் தீப்பிடித்து இருவர் உயிரிழந்தார்கள். அதன் சரக்கில் நிறைய லித்தியம் பேட்டரிகள் இருந்தன.

இவ்வளவும் தெரிந்துதான் இந்த வேலையை விரும்பிச் செய்கிறேன். காக்பிட்டின் அமைதி, நள்ளிரவில் நெரிசலில்லாத வானம், ஒரு வாரம் குதிரைகள், மறு வாரம் பூக்கள் என்று மாறும் சரக்கு, பல நாள் ஊர் ஊராகப் பறக்கும் நீண்ட சுற்று முடிந்ததும் சேர்ந்தாற்போல் கிடைக்கும் விடுமுறை எல்லாமே எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த நீண்ட சுற்றில் வீட்டு விசேஷங்கள் பல கைநழுவிப் போகும். குறுந்தூரப் பயணிகள் விமானத்தில் ஒரே நாளில் நாலு லேண்டிங்கூட வரலாம். கை பழகும், பல இரவுகள் வீட்டுப் படுக்கையும் கிடைக்கும். சின்னக் குழந்தைகள் இருந்தால் நான் அந்தப் பக்கம்தான் கைகாட்டுவேன்.

வேலை நிலைக்குமா என்பதில் இரண்டுமே ஏறி இறங்கும். 2020-ல் பயணிகள் விமானங்கள் நின்றபோது அவற்றின் அடிவயிற்றில் போன சரக்குக்கும் இடமில்லாமல் போனது. சரக்கு விமானங்கள் ஓய்வில்லாமல் பறந்தன. 2023 வாக்கில் சரக்கு மந்தமாகி, பயணிகள் பக்கம் ஆள் எடுப்பு சூடுபிடித்தது. உரிமம் இரண்டுக்கும் ஒன்றுதான், பின்னால் மாறலாம். ஆனால் பல நிறுவனங்களில் சீனியாரிட்டி கூடவே வராது. வேறு நிறுவனத்துக்குப் போனால் கடைசி ஆளாகத்தான் சேர வேண்டியிருக்கும், நல்ல ரோஸ்டரும் (மாதப் பணி அட்டவணையும்) கேப்டன் இருக்கையும் அந்த வரிசைப்படிதான் வரும்.

சரி, நேர்காணலுக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த துணை விமானி ஒருவரிடம் அவருடைய போன மாத ரோஸ்டரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சேர்ந்தால் உங்களுக்கும் அதுதான் கிடைக்கும்.