லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை வருகிறது, கேபிள் செருகினால் இணையம் வரவில்லை. விண்டோஸுக்குத் திரும்பிவிடலாமா?

உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. கேபிள் செருகினால் இணையம் இல்லை, வைஃபையில் மட்டும் வருகிறது, இணைப்புக் கொடுத்தவர் 'லினக்ஸ்னா அப்படித்தான்' என்கிறார், விண்டோஸ் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வாக்கியத்தைப் போன ஐப்பசியில் எங்கள் வீட்டுத் தார்சாவில் (வாசலை ஒட்டிய முன்கூடம்) நின்று நானும் கேட்டேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

முதலில் சொல்லிவிடுகிறேன், நான் இன்ஜினியர் இல்லை. புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுகிற வேலை. லினக்ஸில் தமிழ்ப் பக்கம் கட்ட முடியுமா என்று இங்கே யாரும் சண்டைக்கு வரவேண்டாம், ஸ்க்ரைபஸ் என்று ஒன்று இருக்கிறது, எனக்கு ஓடுகிறது. லினக்ஸ் வெறியனும் இல்லை. 2011ல் தமிழ்நாடு அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் இருந்தது. அக்கா மகளுக்குக் கிடைத்த மடிக்கணினியில் விண்டோஸ் வைரஸ் பிடித்துப் படுத்த நாளில், சரி இதைத்தான் திறந்து பார்ப்போமே என்று திறந்தவன் நான். அன்றிலிருந்து இதிலேயே இருக்கிறேன், அவ்வளவுதான். இன்னொன்று, கட்டளைகளைத் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கிற திரையில், ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய ஒரு வளவில், அதாவது பல வீடுகள் சேர்ந்த ஒரே வளாகத்தில், இருக்கிறது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவர், ஒன்றரை முழம் கனம். தார்சாவில் இருக்கும் ரௌட்டரின் வைஃபை பட்டாசல் (நடுக்கூடம்) வரைக்கும் வரும். மச்சுக்கு, அதாவது மாடிக்கு, வராது. நான் உட்கார்ந்து வேலை பார்ப்பது மச்சில். அதனால் தார்சாவிலிருந்து மச்சுக்கு ஒரு கேபிள் இழுத்திருந்தேன். நாலைந்து வருஷம் ஒரு குறையும் இல்லை.

ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் இடி இறங்கியதில் ரௌட்டர் போய்விட்டது. இந்த ஊரில் அந்த மாதத்தில் மேகம் கறுத்தாலே டிவி, ரௌட்டர், எல்லா ஒயரையும் பிடுங்கிப் போட வேண்டும், அன்றைக்கு நான் தூங்கிவிட்டேன். இணைப்புக் கொடுத்தவர்களிடம் சொன்னால், நெல்லையப்பர் கோயில் திருக்கல்யாணக் கூட்டம், வண்டி உள்ளே வராது என்று நாலு நாள் கழித்துத்தான் ஒரு தம்பி வந்தான். புது ரௌட்டரை மாட்டினான். போனில் வைஃபை வந்தது, போய்விட்டான். மச்சில் கேபிளைச் செருகினால் ஒன்றும் இல்லை.

இங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன். நீங்களும் அதையே செய்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நாலு நாளில் போன் இணைப்பை வைத்து லினக்ஸுக்கு அப்டேட் போட்டிருந்தேன். லினக்ஸின் அடிப்படையான கெர்னல் மாறியிருந்தது. சரி, கெர்னல்தான் கெடுத்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். என் லேப்டாப்பில் கேபிள் இணைப்புக்கு இருப்பது ரியல்டெக் சிப். அதை இயக்க, கெர்னலோடு வரும் டிரைவர் மென்பொருள் ஆர்8169. அது ஒத்துவராவிட்டால் ஆர்8168 என்று இன்னொன்றைப் போடச் சொல்லிப் பத்து இடத்தில் எழுதியிருப்பார்கள். போட்டேன். பழைய கெர்னலில் ஏற்றிப் பார்த்தேன். பென் டிரைவில் வேறொரு லினக்ஸை ஏற்றிப் பார்த்தேன். எதிலும் வரவில்லை. இரவு இரண்டு மணி. அம்மா கீழேயிருந்து "ஏல, கரண்டு பில்லு ஒங்கப்பனா கெட்டுவான்" என்கிறாள்.

இத்தனைக்கும் பதில் முதல் கட்டளையிலேயே என் கண் முன்னால் இருந்தது. 'ஐபி லிங்க்' என்று அடித்தால் ஈன்பி2எஸ்0 மாதிரி ஒரு பெயர் வரும் (பழைய ஆட்கள் எத்0 என்று தேடாதீர்கள், அந்தப் பெயர் மாறிப் பல வருஷம் ஆகிறது). அந்த வரியில் 'நோ-கேரியர்' என்று இருந்தது. நெட்வொர்க் கார்டு உயிரோடு இருக்கிறது, டிரைவர் ஏறியிருக்கிறது, ஆனால் கேபிளின் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை என்று அதற்கு அர்த்தம். டிரைவர் இல்லாவிட்டால் அந்தப் பெயரே வந்திருக்காது. அதைப் படித்துவிட்டும் டிரைவரை நோண்டிக்கொண்டிருந்தேன். தெரிந்த ஒன்றையே சந்தேகப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது போல.

மறுநாள் அந்தத் தம்பியைத் திரும்பக் கூப்பிட்டேன். அவன் தன் பையிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்து மச்சில் அதே கேபிளைச் செருகினான். உடனே வந்தது. யூடியூப் ஓடவிட்டுக் காட்டினான். "அண்ணாச்சி, லைன் பக்காவா இருக்கு. ஒங்க லேப்டாப்புதான் கோளாறு. லினக்ஸ்னா அப்பிடித்தான், பேசாம விண்டோஸ் போட்டுருங்க" என்றான். கூடவே நின்ற பக்கத்து வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். போன வாரம்தான் அவர் மகளுக்குத் தேர்வு விண்ணப்பத்தை இதே லினக்ஸில் நிரப்பிக் கொடுத்தேன்.

அவன் போனபிறகு ஒரு வேகத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். பேட்டரி செத்த லேப்டாப், சார்ஜரைக் கழற்றினால் அணைந்துவிடும், அதனால்தான் அதுவரை தூக்கவில்லை. ரௌட்டர் டப்பாவில் வந்த ஒரு முழக் கேபிளை எடுத்துச் செருகினேன். உடனே இணையம். கேபிள் இணைப்பின் நிலையைக் காட்டும் 'எத்டூல்' கட்டளையை அடித்தால் வேகம் 1000 என்று காட்டுகிறது.

இப்போது யோசியுங்கள். குட்டைக் கேபிளில் என் லேப்டாப் வேலை செய்கிறது, அப்படியானால் லினக்ஸில் கோளாறு இல்லை. மச்சுக் கேபிளில் அவன் லேப்டாப் வேலை செய்கிறது, அப்படியானால் கேபிளிலும் கோளாறு இல்லை. இரண்டும் சேர்ந்தால் மட்டும் ஆகவில்லை. வயதுக்கு வந்த பிள்ளைகளின் ஜாதகம் மாதிரி.

விஷயம் அந்த 1000ல்தான் இருந்தது. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நாலு ஜோடி: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும், அதாவது 1, 2, 3, 6 என்ற நாலு முனை. மற்ற இரண்டு ஜோடி சும்மா கிடக்கும். 1000 வேண்டுமானால் நாலு ஜோடியும் வேண்டும். கேபிளைச் செருகியதும் இரண்டு பக்கமும் என்ன வேகத்தில் பேசலாம் என்று பேரம் பேசும். அந்தப் பேரம் நடப்பது ஆரஞ்சிலும் பச்சையிலும்தான். என் லேப்டாப்பும் புது ரௌட்டரும் 1000க்கு ஒத்துக்கொண்டு, நாலு ஜோடியிலும் பேசப் போய், இரண்டு ஜோடியில் ஆள் இல்லாமல் விழுந்துவிடும். மறுபடி பேரம், மறுபடி விழும். ரௌட்டர் விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது அதனால்தான். செத்துப்போன ரௌட்டரில் 100 வரைக்கும்தான் போர்ட், அந்தத் தம்பியின் பழைய லேப்டாப்பிலும் அப்படித்தான். ஆகவே யாருக்கும் தெரியவில்லை. சில கார்டுகள் இரண்டு மூன்று தடவை தோற்றபின் தானாகவே 100க்கு இறங்கிவிடும், 'டிமெஸ்ஜி' என்று அடித்தால் வரும் கெர்னல் பதிவில் கேபிளைப் பார் என்றுகூட எழுதிவைக்கும். என்னுடையது இறங்கவில்லை.

சோதித்துப் பார்க்க, பேரத்தில் 100 மட்டும் போதும் என்று கேட்கும்படி எத்டூலில் லேப்டாப்புக்குச் சொன்னேன். மச்சில் இணையம் வந்துவிட்டது. (கவனம்: பேரத்தையே நிறுத்திவிட்டு 100 என்று கட்டிப்போடாதீர்கள். எதிர்ப்பக்கம் பேரத்துக்கு ஆள் இல்லை என்று, ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கிற முறைக்குப் போய்விடும், இணையம் வரும், ஆனால் நொண்டும்.) தெரிந்த கேபிள் டிவி அண்ணாச்சி ஒருவரிடம் கம்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு எரிகிற டெஸ்டர் வாங்கி வந்து இரண்டு முனையிலும் மாட்டினேன். ஒன்று எரிந்தது, இரண்டு, மூன்று எரிந்தது, நாலும் ஐந்தும் இல்லை, ஆறு எரிந்தது, ஏழும் எட்டும் இல்லை.

நான் ஏணியைத் தேடுவதைப் பார்த்து அம்மா சொன்னாள்: "அந்தக் கேமரா மாட்ட வந்த பய பட்டாசல் நெலைக்கு மேல இருக்க டப்பாவத்தான ரொம்ப நேரம் நோண்டிக்கிட்டு நின்னான். ஒங்கிட்ட அன்னைக்கே சொன்னேம்லா."

சொல்லியிருந்தாள். பங்குனியில் கேமரா மாட்டும்போது தனியாகக் கரண்ட் ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு, என் கேபிளை அந்த டப்பாவில் வெட்டி, நீலத்தையும் பழுப்பையும் எடுத்துக் கேமராவுக்கு 12 வோல்ட் அனுப்பியிருக்கிறான். ஆரஞ்சையும் பச்சையையும் முறுக்கி டேப் சுற்றி விட்டிருக்கிறான். ஏழு மாதம் அது ஓடியதுதான் ஆச்சரியம். நல்லவேளை என் பக்கம் வரும் நீலத்தையும் பழுப்பையும் வெட்டி விட்டிருந்தான், இல்லாவிட்டால் அந்த 12 வோல்ட் என் லேப்டாப் போர்ட்டுக்குள் வந்திருக்கும். கேமரா தொழில் செய்பவர்கள் கோபப்பட வேண்டாம். அந்த ஜோடிகளில் மின்சாரம் அனுப்புவது முறைப்படியே உண்டு, பவர் ஓவர் ஈதர்நெட்டில் அதற்குத் தனி வகையே இருக்கிறது. அடுத்தவன் கேபிளை அவனிடம் சொல்லாமல் வெட்டுவதற்குத்தான் எந்த முறையும் இல்லை.

கேமரா என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். அது துபாயில் இருக்கும் அத்தான் ஏற்பாடு. மாமியார் பாதுகாப்புக்காம். அவர் நல்ல மனுஷர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது வந்த நாளிலிருந்து சாயங்காலம் தார்சாவில் வந்து உட்கார்ந்து வெற்றிலை போடுகிற வளவுப் பெண்கள் ஒருத்தர்கூட வருவதில்லை. தலைக்கு மேலே ஒரு சிவப்புப் பொட்டு பார்த்துக்கொண்டிருந்தால் யார் மருமகளைப் பற்றிப் பேசுவது? அம்மா இப்போது தனியாக டிவி பார்க்கிறாள். துபாயிலிருந்து அத்தான் போன் வரும், "மாப்ள, நேத்து மஞ்சச் சட்ட போட்டு ஒருத்தன் வந்தானே, யாரு?" கேஸ் சிலிண்டர் போட வந்தவன். லேப்டாப் கதையைச் சொன்னபோது, லினக்ஸெல்லாம் கம்பெனி சர்வருக்குத்தான் சரி மாப்ளை என்றார் அவரும்.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். 'ஐபி லிங்க்' அடித்து நோ-கேரியர் இருந்தால் மென்பொருளைத் தொடாதீர்கள். வேறு கேபிள், ரௌட்டரில் வேறு போர்ட், இந்த வரிசையில் மாற்றிப் பாருங்கள். நோ-கேரியர் இல்லாமல் 'லோயர்-அப்' என்று இருந்தால் கம்பி பேசுகிறது, அடுத்து 'ஐபி ஏ' அடியுங்கள். 192.168 என்று தொடங்கும் முகவரி வந்தால் பெரும்பாலும் நல்லது. 169.254 என்று தொடங்கினால் ரௌட்டர் முகவரியே கொடுக்கவில்லை. எப்போதோ ஆபீஸுக்காகக் கையால் போட்ட முகவரி இன்னும் அங்கேயே கிடக்கிறதா என்றும் பாருங்கள். முகவரி சரி, 8.8.8.8க்கு (கூகுளின் முகவரி) 'பிங்' அடித்தால் பதில் வருகிறது, தளம் மட்டும் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸில்தான் கோளாறு.

கேபிளைச் செருகினால் வைஃபையும் நின்றுவிடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அது கோளாறு இல்லை. லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்று எண் வைத்திருக்கிறது, சின்ன எண்ணுக்குத்தான் முதல் மரியாதை. இதில் உங்களுக்கு ஒரு துப்பு இருக்கிறது: எனக்கு நடந்த மாதிரி கம்பியே பேசாமல் இருந்தால் வைஃபை நிற்காது. உங்களுக்கு நிற்கிறது என்றால் கம்பி பேசுகிறது, முகவரியும் ஏதோ ஒன்று வந்திருக்கிறது. ஆக உங்கள் வீட்டில் ஏணி தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன், அந்தக் கையால் போட்ட முகவரியை முதலில் பாருங்கள்.

எனக்குப் புதுக் கேபிள் இழுத்தாகிவிட்டது, கேமராவுக்கும் தனி ஒயர். போன மாதம் வேறு வீட்டுக்கு வந்த அந்தத் தம்பி வாசலில் நின்று, "விண்டோஸ் போட்டாச்சா அண்ணாச்சி?" என்றான். உள்ளே கூப்பிட்டு, காப்பி கொடுத்து, டப்பாவைத் திறந்து காட்டினேன். போனில் படம் எடுத்துக்கொண்டு போனான்.

'ஐபி ஏ' காட்டுவதை அப்படியே கருத்தில் ஒட்டுங்கள். ராத்திரி பார்க்கிறேன்.